ஒரு சொட்டில் தொடங்குங்கள்: நறுமண எண்ணெயை முகரப் போகிறவர்களுக்கு

2019இல் எனக்குச் சில வாரங்களாகத் தூக்கம் சரியில்லை. லாவெண்டர் எண்ணெய் ஒரு புட்டியும், எண்ணெயைத் தண்ணீரோடு ஆவியாக்கி அறையில் பரப்பும் டிஃப்யூஸர் ஒன்றும் வாங்கி வந்தேன். தண்ணீர் ஊற்றி, பதினைந்து சொட்டு விட்டு, ஏசியைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டுப் படுத்தேன். அரை மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு இரண்டும் தெறித்தன. அதே அறையில் படுத்திருந்த அம்மாவுக்கு இழுப்பு உண்டு. அவர் எழுந்து உட்கார்ந்து இருமத் தொடங்கிவிட்டார். ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, அவருக்கு இன்ஹேலரைக் கொடுத்து, அவர் மூச்சு சீரான பிறகு இரண்டு பேரும் ஹாலில் பாயைப் போட்டுப் படுத்தோம். நான் விடியும்வரை தூங்கவில்லை.

லாவெண்டர் நல்ல எண்ணெய்தான். இன்றைக்கும் என் மேஜையில் இருக்கிறது. நான் விட்ட அளவு தப்பு. இழுப்பு உள்ளவர் இருக்கும் மூடிய அறையில் விட்டது அதைவிடப் பெரிய தப்பு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்த ராத்திரியைக் கடக்க வேண்டியிராமல் இருக்கவே இதை எழுதுகிறேன். வாசனை உடம்பிலும் மனசிலும் ஏதோ செய்கிறது என்பது உண்மை. ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்வதில்லை. உங்களுக்கு எது ஒத்துவருகிறது என்று சின்ன அளவில், ஒவ்வொன்றாக, நீங்களேதான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு இரண்டு வாரமும் ஒரு நோட்டும் போதும்.

முதலில் ஒரு கமலா ஆரஞ்சு

எண்ணெய் எதையும் வாங்க வேண்டாம். ஒரு கமலா ஆரஞ்சை உரித்து, தோலில் ஒரு துண்டைக் கையில் எடுங்கள். முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, வெளிப்பக்கம் வளையும்படி மடியுங்கள். ஒரு சாரல் தெறிக்கும். சாயங்கால வெயில் சாய்ந்து விழும் ஜன்னலோரம் நின்று செய்தால் அந்தச் சாரல் பொன்தூசி மாதிரி கண்ணுக்கே தெரியும். தோலில் குத்துக் குத்தாகத் தெரியும் புள்ளிகள்தான் அதன் பைகள். அவற்றுக்குள் இருப்பதுதான் எசென்ஷியல் ஆயில். ஆரஞ்சில் அதன் பெரும்பகுதி லிமோனீன் என்ற ஒரே பொருள்.

எண்ணெய் என்ற பெயரைப் பார்த்து இதை நல்லெண்ணெய், தேங்காயெண்ணெயோடு சேர்க்கக் கூடாது. அவை கொழுப்பு. இது காற்றில் பறந்துபோகும் சரக்கு, தீயும் பிடிக்கும். அந்தச் சாரலை மெழுகுவத்திச் சுடர்மேல் தெறிக்கவிட்டால் சட்டென்று பொறி கிளம்பும். டிஃப்யூஸரையும் புட்டியையும் விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

சரி, இப்போது தோலை மறுபடி மடித்து, வாயை மூடி, மூக்கால் மெதுவாக ஒரு மூச்சு இழுங்கள். உடம்பில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். நாக்கில் நீர் ஊறலாம். தோள்பட்டை லேசாக இறங்கலாம். ரயில் பயணமோ, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் யாரோ பழம் உரித்துக் கொடுத்ததோ நினைவுக்கு வரலாம். எது வந்தாலும் நோட்டில் ஒரு வரி எழுதிவையுங்கள். இதுதான் முதல் பாடம்.

மூக்குக்குள் என்ன நடக்கிறது

மூக்கின் மேல்கூரையில், இரு கண்களுக்கும் நடுவே உள்ள மட்டத்தில், மணத்தை உணரும் ஒரு சின்னத் திசு இருக்கிறது. அங்கே உள்ள நரம்பணுக்களின் முனைகள் காற்றுக்கு நேராகத் திறந்திருக்கின்றன. அடிபட்டாலும் அவை புதிது புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும். மனிதர்களிடம் சுமார் 400 வகை மண உணர்விகள் உண்டு. ஒவ்வொரு வாசனையும் அவற்றில் சிலவற்றைத் தட்டி எழுப்புகிறது. எவை எவை எழுகின்றன என்பதை வைத்து மூளை இது மல்லிகை, இது கருவாடு என்று பிரிக்கிறது. இந்த உணர்விகளின் மரபணுக் குடும்பத்தை ரிச்சர்ட் ஆக்ஸலும் லிண்டா பக்கும் 1991இல் கண்டறிந்தார்கள். 2004இல் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது.

மனநிலைக்கும் வாசனைக்கும் இவ்வளவு நெருக்கம் ஏன் என்பதற்குப் பதில் அந்த நரம்பு போகும் பாதையில் இருக்கிறது. பார்ப்பதும் கேட்பதும் தாலமஸ் என்ற நடுநிலையத்தில் இறங்கி, அப்புறம்தான் மூளையின் மற்ற பகுதிகளுக்குப் போகும். மணம் அங்கே நிற்பதில்லை. பயத்தையும் உணர்ச்சியையும் கவனிக்கும் அமிக்டலா, நினைவைச் சேர்க்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி ஆகியவற்றுக்கு நேரே போய்விடுகிறது. அதனால்தான் ஒரு வாசனைக்குப் பெயர் சொல்வதற்கு முன்பே அது பிடிக்கிறதா இல்லையா என்று மனசுக்குத் தெரிந்துவிடுகிறது. பழைய பெட்டியைத் திறந்ததும் பாட்டி ஞாபகம் முந்திக்கொண்டு வருவதும், அது பாச்சை உருண்டை வாசம் என்பது பிறகு புரிவதும் இப்படித்தான்.

இரண்டாவது பாதை ஒன்றும் இருக்கிறது. முகத்தின் தொடுவுணர்வு நரம்பு மூக்குக்குள்ளும் கிளை விடுகிறது. வெங்காயம் கண்ணை எரிப்பதும், தாளிக்கும்போது மிளகாய் நெடி ஏறித் தும்மல் வருவதும் இதன் வழியாகத்தான். புதினாவின் மென்தால் இந்த நரம்பில் குளிரை உணரும் கதவைத் திறக்கிறது. அந்தக் கதவின் பெயர் டிஆர்பிஎம்8, கண்டறிந்தது 2002இல். சளி பிடித்தபோது தைலம் முகர்ந்ததும் மூக்கு ‘விட்டுவிட்டது’ என்று சொல்கிறோம் அல்லவா, அப்போது மூக்கில் போகும் காற்றை அளந்து பார்த்தால் அளவு கூடியிருப்பதில்லை. அடைப்பு அப்படியேதான் இருக்கிறது. குளிர்ச்சி உணர்வு வந்ததால் காற்று தாராளமாகப் போவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. ராத்திரி மூச்சு முட்டுகிற மாதிரி இருப்பவருக்கு அந்த உணர்வே நிம்மதி, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சளி கரைந்துவிட்டது என்று நம்பி டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

மூன்றாவது, நுரையீரல் வழி. உள்ளே இழுத்த ஆவியில் ஒரு பகுதி சில நிமிடங்களில் ரத்தத்தில் கலக்கிறது. ஒரு சொட்டு முகரும்போது அந்த அளவு மிகக் குறைவு. மூடிய அறையில் பதினைந்து சொட்டு ராத்திரி முழுக்க ஓடும்போது கதை வேறு.

எது என்ன செய்யும்

லாவெண்டரில் லினலூல் என்ற பொருள் அதிகம். நம் குண்டுமல்லியிலும் அது இருக்கிறது. 2018இல் ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தில் எலிகளை லினலூல் வாசத்தில் விட்டுப் பார்த்தார்கள். எலிகளின் பதற்றம் குறைந்தது. மண உணர்வை அழித்துவிட்ட எலிகளிடம் அது குறையவில்லை. ஆக, அந்த அமைதி முக்கியமாக மூக்கு நரம்பின் வழியாகத்தான் வந்திருக்கிறது. பதற்றத்துக்குக் கொடுக்கும் ஒருவகை மாத்திரைகளின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோதும் லினலூலின் விளைவு நின்றுபோனது. அந்த மாத்திரைகள் தொடும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இதுவும் ஏதோ செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மனிதர்களிடம் விஷயம் இவ்வளவு சுத்தமாக இல்லை. 2008இல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 56 பேருக்கு எலுமிச்சை எண்ணெய், லாவெண்டர், வெறும் தண்ணீர் மூன்றையும் முகரக் கொடுத்தார்கள். எலுமிச்சை மனநிலையைத் தெளிவாக உயர்த்தியது, அது என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்லாதவர்களிடமும்கூட. லாவெண்டரில் அப்படி நிச்சயமான மாற்றம் தெரியவில்லை. வலி, மனஅழுத்த ஹார்மோன், நோய் எதிர்ப்பு ஆகியவற்றை இரண்டு எண்ணெயுமே சரிசெய்யவில்லை. மனசு லேசாவது ஒன்று, நோய் குணமாவது வேறு ஒன்று. எண்ணெய் விற்பவர்கள் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து சொல்கிறார்கள். நீங்கள் கலக்காமல் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ரோஸ்மேரியும் நீலகிரித் தைலமும் விழிப்பைத் தருபவை. இரண்டிலும் சினியோல் என்ற பொருள் உண்டு. இங்கிலாந்தின் நார்தம்பிரியா பல்கலைக்கழகத்தில் 2012இல் 20 பேரை ரோஸ்மேரி மணக்கும் அறையில் உட்காரவைத்துக் கழித்தல் கணக்குப் போடச் சொன்னார்கள். ரத்தத்தில் சினியோல் அதிகம் இருந்தவர்கள் வேகமாகவும் தப்பு குறைவாகவும் போட்டார்கள். 20 பேர் என்பது சின்னக் கணக்கு. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு மார்க் கூடும் என்றெல்லாம் இதை வைத்துச் சொல்ல முடியாது.

நீலகிரித் தைலத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன், நம்மில் பெரும்பாலோர் முதன்முதலில் முகர்ந்த எசென்ஷியல் ஆயில் அதுதான். அது வரும் யூகலிப்டஸ் மரம் நம்முடையதல்ல, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 1843இல் நீலகிரியில் நட்டார்கள். மலையில் இலை வடிக்கும் கொட்டகை ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஆள் உயர அண்டாவில் இலையைத் திணித்து மிதித்து, மூடியைப் போட்டு, ஆவி வெளியேறாதபடி மண்ணால் பூசுகிறார்கள். கீழே எரிவதும் அதே இலைதான், முந்தின நாள் வடித்துவிட்டு உலர்த்தியது. ஆவி குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் குளிர்ந்து, மறுமுனையில் சொட்டுகிறது. பாத்திரத்தில் தண்ணீர் கீழேயும் தைலம் மேலேயும் நிற்கிறது. நூறு கிலோ இலைக்குச் சுமார் ஒரு கிலோ தைலம். அவ்வளவு இலையை ஒரு சின்னப் புட்டிக்குள் அடக்கியிருக்கிறார்கள் என்பதை அங்கே நின்று பார்த்த பிறகு எனக்குச் சொட்டுக் கணக்கில் கை தானாகவே சுருங்கிவிட்டது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: உங்கள் நினைவு. சின்ன வயதில் காய்ச்சல் வரும்போதெல்லாம் எனக்குத் தைலம் தடவிவிடுவார்கள். அதனால் விழிப்பைத் தரும் என்று சொல்லப்படும் அந்த வாசம் வந்தாலே எனக்குப் போர்த்திக்கொண்டு படுக்கத் தோன்றும். உங்களுக்கு லாவெண்டர் ஏதோ ஒரு கழிவறைக் கிளீனரை நினைவூட்டினால் அதிலிருந்து அமைதியை எதிர்பார்க்க முடியாது. புத்தகத்தில் என்ன போட்டிருந்தாலும் உங்கள் மூக்கு சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இவர்கள் இருக்கும் வீட்டில் பொறுமை வேண்டும்

இதைப் படிக்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

கைக்குழந்தைகளும் இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் இருக்கும் அறையில் எந்த எண்ணெயையும் ஆவியாக்க வேண்டாம். குறிப்பாகக் கற்பூரம், மென்தால், நீலகிரித் தைலம் மூன்றையும் குழந்தையின் முகத்துக்கு அருகில் கொண்டுபோகவே கூடாது. சிறு குழந்தையின் மூக்கருகே மென்தால் பட்டால் மூச்சுக்குழல் இறுகி மூச்சே தடைபடலாம். தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சிக் குழந்தையின் நெஞ்சில் தடவுவது பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அன்பில் செய்வதுதான், ஆனால் கற்பூரம் சின்ன அளவிலேயே வலிப்பை வரவழைக்கக் கூடியது. இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை. நீலகிரித் தைலத்தையும் கற்பூரம் கலந்த தைலங்களையும் முகர்ந்த பிறகு, தடவிய பிறகு வலிப்பு வந்தவர்களைப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். முன்பு வலிப்பே வராதவர்களும் அவர்களில் உண்டு. ரோஸ்மேரியையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இழுப்பு, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. பூனை வளர்க்கிறீர்களா? இந்தப் பொருட்களைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கும் பூனைக்கும் விஷம். செல்லப்பிராணி இருக்கும் அறையில் டிஃப்யூஸர் வேண்டாம்.

கடையில்

ஒன்று வாங்குங்கள், அதிகம் போனால் இரண்டு. சாயங்காலத்துக்கு லாவெண்டர், காலைக்கு எலுமிச்சை அல்லது ஆரஞ்சு என்பது தொடங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு. பத்து எண்ணெய் அடங்கிய பரிசுப் பெட்டியைத் தொடாதீர்கள். எல்லாம் கலந்து போனால் எது என்ன செய்தது என்றே தெரியாது.

லேபிளில் தாவரப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். லாவெண்டர் என்றால் ‘லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா’ என்றிருக்க வேண்டும். லாவண்டின் என்ற கலப்பினமும் லாவெண்டர் என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. அதில் கற்பூர வாடை தூக்கலாக இருக்கும், விலையும் குறைவு. அது கெட்டதல்ல, ஆனால் தூங்குவதற்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஜம்மு மலைகளில் பதர்வா பக்கம் மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர் உதவியோடு லாவெண்டர் பயிரிடுகிறார்கள், உள்நாட்டுச் சரக்கும் கிடைக்கிறது. ‘ஃபிராக்ரன்ஸ் ஆயில்’, ‘பெர்ஃப்யூம் ஆயில்’ என்று போட்டிருந்தால் அது வேறு பொருள், வைத்துவிடுங்கள்.

விலையும் ஒரு சாட்சி. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கும் மேல் இதழ் வேண்டும். அது பத்து மில்லி நூற்றைம்பது ரூபாய்க்கு வர வழியில்லை. சந்தனமும் அப்படித்தான். மல்லிகையை ஆவியில் வடித்தால் அதன் மணம் கெட்டுவிடும். கரைப்பானில் ஊறவைத்துத்தான் எடுக்கிறார்கள், அதை அப்சல்யூட் என்பார்கள். மலிவு விலையில் ‘மல்லிகை எசென்ஷியல் ஆயில்’ என்று கண்டால் சந்தேகப்படுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். லாவெண்டரோ எலுமிச்சையோ ஆனால் பெரும்பாலும் பறந்து போயிருக்கும். வடை வைத்த தாள் மாதிரி பளபளவென்று கறை நின்றால் அதில் ஏதோ சாதா எண்ணெய் சேர்ந்திருக்கிறது. வெட்டிவேர், சந்தனம் போன்ற கனமான எண்ணெய்களுக்கு இந்தச் சோதனை சரிவராது.

முகரும் முறை

டிஃப்யூஸர் இல்லாமல் தொடங்குங்கள். ஒரு டிஷ்யூ தாளிலோ பஞ்சிலோ ஒரே ஒரு சொட்டு. சொட்டியதும் மூக்கில் வைக்காமல் அரை நிமிடம் ஆறவிடுங்கள், முதல் நெடி அடங்கட்டும். முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்து முறை. அவ்வளவுதான். தாளை ஒரு டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இழுப்பதைவிட நீளமாக மூச்சு விடுவதே இதயத் துடிப்பைத் தணிக்கும், வாசனை எதுவும் இல்லாவிட்டாலும். அதனால் வந்த அமைதியில் எவ்வளவு மூச்சால், எவ்வளவு எண்ணெயால் என்று பிரிக்க வேண்டியிருக்கிறது. பிரிப்பதற்கு வழி அடுத்த பகுதியில்.

மூக்கு சீக்கிரம் பழகிவிடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சில நிமிடங்களில் வாசமே இல்லாதது போலிருக்கும். ‘போதவில்லை போல’ என்று இன்னும் நாலு சொட்டு விடுகிறோம். காற்றில் சரக்கு ஏறிக்கொண்டே போகும், மூக்குக்கு மட்டும் தெரியாது. தலைவலி வந்துதான் தெரியும். எனக்கு நடந்தது இதுவும்தான். அறைக்கு வெளியே போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்து முகர்ந்து பாருங்கள், உண்மை நிலவரம் தெரியும்.

டிஃப்யூஸர்தான் வேண்டும் என்றால் நூறு மில்லி தண்ணீருக்கு மூன்று சொட்டு. ஜன்னல் ஒருக்களித்துத் திறந்திருக்க வேண்டும். இருபது நிமிடம் ஓடவிட்டு நிறுத்திவிடுங்கள். தூங்கும்போது ஓட வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களின் லிமோனீன் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடும் நுண்துகள்களும் உருவாகும். காற்றோட்டம் இல்லாத அறையில் அவை தங்கிவிடும். பாத்திரத்தைத் தினமும் கழுவித் துடைத்து உலர்த்துங்கள்.

ஆவி பிடிப்பது நமக்குப் பழக்கமானது. நொச்சி இலை போட்டு வேது பிடித்த வீடுகள் நம்முடையவை. வெந்நீரை அடுப்பிலிருந்து இறக்கி, அசையாத மேஜையில் வைத்து, இரண்டு நிமிடம் பொறுத்து, ஒரு சொட்டுக்கு மேல் விடாமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடியுங்கள். ஐந்து நிமிடம் போதும். குழந்தைகளுக்கு இந்த முறையே வேண்டாம். கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் பிள்ளைகள் நிறைய.

நெற்றியிலோ மூக்குக்குக் கீழோ எண்ணெயை அப்படியே தடவக் கூடாது. வெற்றிலையில் விட்டு மெல்லுவது, வெந்நீரில் கலந்து குடிப்பது எதுவும் கூடாது.

பதினான்கு நாள்

நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: நேரம், முன்பு மனநிலை பத்துக்கு எவ்வளவு, பின்பு எவ்வளவு, உடம்பில் என்ன தெரிந்தது.

முதல் மூன்று நாள் எண்ணெய் வேண்டாம். வெறும் தாளை முகத்துக்கு முன் பிடித்துக்கொண்டு அதே ஐந்து மூச்சு. எழுதுங்கள். நான்காம் நாளிலிருந்து எட்டாம் நாள்வரை அதே நேரத்தில் அதே இடத்தில் ஒரு சொட்டோடு செய்யுங்கள். ஒன்பதும் பத்தும் மறுபடி வெறும் தாள். மிச்ச நாட்களில் இரண்டாவது எண்ணெய் இருந்தால் அது.

என் நோட்டில் வெறும் மூச்சுக்கு நான்கிலிருந்து ஐந்தரை. லாவெண்டரோடு நான்கிலிருந்து ஆறரை. எலுமிச்சையில் காலையில் எண் பெரிதாக மாறவில்லை, ஆனால் ‘எழுந்து வேலையைத் தொடங்கிவிட்டேன்’ என்று மூன்று நாள் தொடர்ந்து எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வெறும் மூச்சிலேயே அதே பலன் கிடைத்தால் எண்ணெய்க்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை, நல்லதுதான்.

ஒரு நல்ல பழக்கத்தையும் இந்த நாட்களில் உண்டாக்கிக்கொள்ளலாம். நீங்கள் நிம்மதியாக இருக்கும் நேரத்தில் மட்டும், உதாரணமாகக் குளித்துவிட்டு மொட்டைமாடியில் உட்காரும்போது, அந்த எண்ணெயை முகருங்கள். கொஞ்ச நாளில் அந்த வாசம் அந்த நிம்மதியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பதற்றமான நேரத்தில் அது கைகொடுக்கும். பதற்றத்தில் மட்டுமே முகர்ந்துகொண்டிருந்தால் வாசம் பதற்றத்தோடு ஒட்டிக்கொள்ளும். என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் மிகவும் பயன்படக்கூடிய யோசனை இதுதான்.

தலைவலி, குமட்டல், இருமல், கண் எரிச்சல், நெஞ்சு இறுக்கம் எது வந்தாலும் அந்த எண்ணெய் உங்களுக்கு வேண்டாம். தினமும் மூன்று, நான்கு என்று மனநிலை எண் தாழ்ந்தே கிடந்தால், தூக்கம் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் எண்ணெயை ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நானும் கடைசியில் அப்படித்தான் போனேன்.

வைத்துக்கொள்வது

அடர்நிறக் கண்ணாடிப் புட்டி, இறுகிய மூடி, வெயில் படாத அலமாரி. திறந்த தேதியைப் புட்டியில் ஒட்டுங்கள். இருபது சொட்டு சுமார் ஒரு மில்லி, ஆகவே பத்து மில்லிப் புட்டியில் ஏறக்குறைய இருநூறு சொட்டு. நாளுக்கு ஒன்று என்றால் அரை வருடம் தாண்டும். எலுமிச்சை வகை சீக்கிரம் கெடும், ஒரு வருடத்துக்கு மேல் வைக்க வேண்டாம். காற்றுப் பட்டுப் பழசான எண்ணெய் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும்.

தப்பாகிவிட்டால்

குழந்தை புட்டியிலிருந்து குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து இருக்கிறது. ஒரு டீஸ்பூன் நீலகிரித் தைலமே சிறு குழந்தைக்கு உயிராபத்து. 108ஐக் கூப்பிடுங்கள், புட்டியையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள். குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

வாசமே தெரியாதவர்களுக்கு

கோவிட்டுக்குப் பிறகு பலருக்கு மூக்கு மரத்துப்போனது. அவர்களுக்கு நறுமண எண்ணெய் ஒரு பயிற்சிக் கருவி. ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009இல் வெளியிட்ட முறை இது: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நான்கையும் காலையிலும் இரவிலும், பன்னிரண்டு வாரம் முகர்வது. இந்தப் பயிற்சி செய்தவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் இன்றும் இதைச் சொல்கிறார்கள். நான்கு சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் பஞ்சு வைத்து, ஒவ்வொன்றிலும் சில சொட்டு விட்டு, பெயர் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொன்றையும் பத்து விநாடி, சின்னச் சின்ன மூச்சாக. முகரும்போது அந்தப் பொருளை மனசில் கொண்டுவர முயலுங்கள்.

2021இல் அம்மாவுக்கும் மணம் போய்விட்டது. ரசம் வெந்நீர் மாதிரி இருக்கிறது என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். இழுப்பு இருப்பதால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, திறந்த ஜன்னலோரத்தில், பத்து விநாடிக்கு மேல் போகாமல் செய்தோம். எட்டு வாரம் ஒன்றுமில்லை. ஒன்பதாவது வாரம் ஒரு காலையில் மூன்றாவது புட்டியை முகர்ந்தவர் அதைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். லேபிள் மறுபக்கம் திரும்பியிருந்தது. “இது பல்வலிக்கு எங்கம்மா வைப்பாங்களே, அது” என்றார். கிராம்பு என்ற பெயர் அவருக்கு அப்புறம்தான் வந்தது.